சோற்றைக் குறைக்கும் முன் மருந்துச் சீட்டை எடுங்கள்

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் "நீரிழிவு" என்று சொல்பவர்கள் குறைவு. "அவருக்குச் சீனி இருக்கு" என்பார்கள். அந்தச் சொல் உங்கள் வீட்டுக்குள் வந்து ஒரு வாரம்தான் ஆகிறது என்று வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். கையில் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் ஒன்று, மருந்துச் சீட்டு ஒன்று. கூடவே சொந்தக்காரர்களும் போனும் கொண்டுவந்து குவித்த யோசனைகள். அதில் பாதிப்பேர் "சோத்தை விட்டுருங்க, மாத்திரையே வேண்டாம்" என்பார்கள். மீதிப்பேர் "மாத்திரையைப் போட்டுட்டு எது வேணும்னாலும் சாப்பிடலாம்" என்பார்கள். இரண்டையும் நம்பாதீர்கள்.

எட்டு வருஷமாக மாத்திரையோடும் குறைந்த மாவுச்சத்து (கார்போஹைட்ரேட்) சாப்பாட்டோடும் இருப்பவன் நான். புதிதாக வருபவர்களிடம் முதலில் சொல்வது இதைத்தான்: மாத்திரையும் சோறும் ஒரே தராசின் இரண்டு தட்டுகள். ஒன்றில் கை வைத்தால் அடுத்ததையும் பார்த்தாக வேண்டும். இதைத் தெரியாமல் நான் பட்டதைக் கீழே சொல்கிறேன்.

முதலில் ரிப்போர்ட்

வெறும் வயிற்றுச் சர்க்கரை 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் நீரிழிவு. எச்.பி.ஏ.1.சி. (சுருக்கமாக ஏ1சி) 6.5 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தாலும் அப்படித்தான். வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை, அல்லது ஏ1சி 5.7 முதல் 6.4 வரை என்றால் வாசலில் நிற்கிறீர்கள் என்று பொருள். அதிக தாகம், அடிக்கடி சிறுநீர், எடை இறங்குவது என எந்த அறிகுறியும் இல்லாதவர் ஒரே ஒரு பரிசோதனையோடு முடிவுகட்ட வேண்டாம். இன்னொரு முறை எடுத்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஏ1சி என்பது ரத்தச் சிவப்பணுவில் ஒட்டியிருக்கும் சர்க்கரையின் அளவு. ஏறக்குறைய மூன்று மாதச் சராசரியை அது காட்டும். 7 என்றால் சராசரி 154 என்று கணக்கு. பரிசோதனைக்கு முந்தின நாள் மட்டும் பட்டினி கிடந்து அதை ஏமாற்ற முடியாது. ஆனால் ரத்தசோகை உள்ளவர்களுக்கு அந்த எண் தப்பாகக் காட்டக்கூடும் என்பதால், சோகை இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். பெரும்பாலோருக்கு 7-க்குக் கீழே என்பதுதான் இலக்கு. வயதானவர்களுக்கும் வேறு நோய் உள்ளவர்களுக்கும் டாக்டர் கொஞ்சம் தளர்த்தி வைப்பார்.

இங்கே பேசுவது டைப் 2 நீரிழிவைப் பற்றி. அது நமக்குத் தெரியாமலே சில வருஷம் உடம்பில் இருந்திருக்கலாம். அதனால் கண்டுபிடித்த உடனேயே விழித்திரைப் பரிசோதனை, சிறுநீரகத்துக்காகக் கிரியேட்டினினும் சிறுநீரில் ஆல்புமினும், கொழுப்பு, பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்ற சோதனை எல்லாவற்றையும் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். அப்புறம் வருஷத்துக்கு ஒரு முறையாவது. பார்வை நன்றாக இருக்கிறதே என்று கண்ணைத் தள்ளிப்போடாதீர்கள். விழித்திரையில் சேதம் தொடங்கும்போது பார்வையில் ஒன்றும் தெரியாது. கையில் காசு இல்லை என்பதற்காக இவற்றை விட வேண்டியதில்லை. பாளையங்கோட்டை ஐகிரவுண்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, கண்ணுக்கு நெல்லையிலேயே அரவிந்த் இருக்கிறது.

சீட்டில் என்ன எழுதியிருக்கிறது?

மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். கம்பெனி வைத்த பெயர் பெரிதாக இருக்கும். மருந்தின் உண்மையான பெயர் சிறிய எழுத்தில் இருக்கும். உங்களுக்கு வேண்டியது சிறிய எழுத்து. அதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சாப்பாட்டை மாற்றப் போகிறவருக்கு அந்தப் பெயர்தான் எல்லாம்.

மெட்ஃபார்மின் பெரும்பாலும் முதலில் வரும். கல்லீரல் தேவைக்கு மேல் சர்க்கரையை ரத்தத்தில் விடுவதை இது குறைக்கிறது. தனியாகப் போட்டால் சர்க்கரையைத் தாழ்நிலைக்குத் தள்ளுவது அபூர்வம் என்பதால், சோற்றைக் குறைப்பவருக்கு ஒத்துப்போகிற மருந்து. முதல் சில வாரம் வயிறு இரையும், பேதியாகும். சாப்பாட்டோடு போட்டால், சிறிய அளவில் தொடங்கிக் கூட்டினால், பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்கவில்லை என்றால் மெதுவாகக் கரையும் எஸ்.ஆர். வகையைக் கேளுங்கள். அதை நசுக்கியோ மென்றோ போடக்கூடாது. வருஷக்கணக்கில் போடுபவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். காலில் எரிச்சல், மதமதப்பு என்றால் சீனியை மட்டும் குற்றம் சொல்லாமல் பி12 அளவையும் பாருங்கள். சிறுநீரகம் நன்றாகப் பழுதுபட்டவர்களுக்கு இந்த மருந்து ஆகாது.

அடுத்து கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு. இங்கேதான் கவனம் வேண்டும். இவை கணையத்தை அமுக்கி இன்சுலினைச் சுரக்கவைக்கும். நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்க்காது. காலையில் மாத்திரை போட்டுவிட்டு மதியம் சோறு இல்லை என்றால், சுரந்த இன்சுலின் இருக்கிற சர்க்கரையையும் இறக்கிவிடும். மெட்ஃபார்மினோடு சேர்த்து ஒரே மாத்திரையாகவும் வரும் என்பதால், "நான் ஒரு மாத்திரைதான் போடுதேன்" என்று நினைத்திருப்பவர் இரண்டு மருந்து போட்டுக்கொண்டிருப்பார்.

நானும் அப்படித்தான். கிளிமிபிரைடு 2 மில்லிகிராம் இருந்ததைக் கவனிக்காமல், ஒரு திங்கட்கிழமை உறுதியோடு சோற்றை விட்டேன். மூன்றாம் நாள் மதியம் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது சட்டை நனைந்துபோனது, கை நடுங்கியது, எதிரே நின்ற பஸ்ஸின் பலகையைப் படிக்க முடியவில்லை. பூக்காரம்மா ஒருவர்தான் பார்த்தார். "அண்ணாச்சி, சீனி மாத்திரை போடுதியளா? சாப்பிட்டியளா?" என்று கேட்டு, பக்கத்து டீக்கடையிலிருந்து ஒரு கிளாஸ் தண்ணீரில் சீனியைக் கரைத்து வாங்கிவந்து கையில் கொடுத்தார். வீட்டுக்குப் போய் விரலில் குத்திச் சர்க்கரையைப் பார்த்தபோது, அதற்குப் பிறகும் 68 தான் இருந்தது. அவர் இல்லையென்றால் சாலையில் விழுந்திருப்பேன். என் சோற்றுக் கட்டுப்பாடு சரிதான், மாத்திரையைக் குறைக்கச் சொல்லிக் கேட்காததுதான் தவறு.

டப்பாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்பவை சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது என்று தெரிந்த மருந்துகள். எம்பாகிளிஃப்ளோசினின் காப்புரிமை 2025 மார்ச்சில் முடிந்தபின் பல கம்பெனிகள் தயாரிக்கத் தொடங்கி விலை நன்றாக இறங்கிவிட்டது. பிறப்புறுப்பில் அரிப்பும் பூஞ்சைத் தொற்றும் வரலாம். வெட்கப்படாமல் சொல்லுங்கள், எளிதில் சரியாகிவிடும். பெரிய எச்சரிக்கை வேறு. இந்த மாத்திரையோடு மாவுச்சத்தை அடியோடு நிறுத்தினாலோ பட்டினி கிடந்தாலோ, ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம். அப்போது மீட்டரில் சர்க்கரை பெரிதாக ஏறியிருக்காது என்பதுதான் ஏமாற்றும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் இருந்தால் எண்ணைப் பார்த்துச் சமாதானம் ஆகாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின் போன்றவை தனியாகத் தாழ்நிலையைக் கொண்டுவருவது அரிது. இன்சுலின் போடுபவர்கள் டாக்டர் அளவை மாற்றித் தராமல் சோற்றில் கை வைக்கவே கூடாது. கர்ப்பிணிகளும் சிறுநீரக நோய் உள்ளவர்களும் அப்படியே. நம் ஊர் வெயிலில் ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில், இன்சுலினைத் தண்ணீர் படாமல் மூடிய டப்பாவில் இட்டு ஈர மண்பானைக்குள் வைப்பது நல்ல பழக்கம்.

மருந்துச் செலவுக்காக மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது வேண்டவே வேண்டாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சீனிக்கும் பிரஷருக்கும் வீட்டுக்கே மருந்து வருகிறது. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். முதல்வர் மருந்தகம், மக்கள் மருந்தகம் இரண்டிலும் வேதிப் பெயரைச் சொல்லிக் கேட்டால் குறைந்த விலையில் கிடைக்கும். நோட்டில் எழுதி வைக்கச் சொன்னது இதற்கும்தான்.

டாக்டரிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வி

"நான் சோறு, இட்லி, தோசையைப் பாதியாகக் குறைக்கப் போகிறேன். இதில் எந்த மாத்திரையைக் குறைக்க வேண்டும்?" இதை அப்படியே கேளுங்கள். பிரஷர் மாத்திரையையும் காட்டுங்கள். மாவுச்சத்து குறையும்போது உடம்பில் உப்பும் நீரும் குறைந்து பிரஷரும் இறங்கலாம், எழுந்து நிற்கும்போது தலை சுற்றலாம்.

விரல் நுனியில் பதில்

குளுக்கோமீட்டர் ஒன்று வாங்குங்கள். அதற்கான பட்டை (ஸ்டிரிப்) விலை கூடுதலாகத் தெரிந்தால் தினமும் குத்த வேண்டாம். வாரத்தில் இரண்டு நாள், ஒரு வேளைச் சாப்பாட்டைத் தேர்ந்தெடுத்து, சாப்பிடும் முன் ஒன்று, முதல் வாய் எடுத்து இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று. இந்த ஜோடி எண்ணுக்கு இருக்கிற அறிவு தனி எண்ணுக்குக் கிடையாது. முன்னே 80 முதல் 130, பின்னே 180-க்குள் என்பது பொதுவான இலக்கு. நாலு இட்லிக்கு எவ்வளவு ஏறுகிறது, இரண்டு இட்லியும் இரண்டு முட்டையும் என்றால் எவ்வளவு என்று உங்கள் உடம்பே சொல்லிவிடும். பழைய சோறு சாப்பிட்டால் ஏறாது, கேப்பைக் களி ஏறாது என்று யாராவது சொன்னால் விவாதம் செய்யாதீர்கள். சாப்பிட்டுப் பாருங்கள், குத்திப் பாருங்கள்.

குத்தும் முன் கையைச் சோப்பு போட்டுக் கழுவித் துடையுங்கள். மாம்பழம் தொட்ட விரல் பொய் சொல்லும். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. ஊசியை வீட்டில் வேறு யாரோடும் பகிர வேண்டாம்.

தட்டு

நாம் சாப்பிடுவதை ஒருநாள் எண்ணிப் பார்ப்போம். ஒரு நடுத்தர இட்லியில் ஏறக்குறைய 10 கிராம் மாவுச்சத்து. வெந்த சோறு 100 கிராமில் 28 கிராம். ஒரு ஸ்பூன் சீனியில் 4 முதல் 5 கிராம். காலையில் ஐந்து இட்லி, மதியம் தட்டு நிறையச் சோறு, ராத்திரி நாலு தோசை, நடுவில் இரண்டிரண்டு ஸ்பூன் சீனி போட்டு நாலு காபி, சாயங்காலம் ஒரு வாழைக்காய் பஜ்ஜி என்றால் நாளுக்கு 300 கிராமைத் தொட்டுவிடும். இந்தியர்களின் சாப்பாட்டில் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று ஐ.சி.எம்.ஆர். நடத்திய ஆய்வு சொல்கிறது. நம் ஊர் அதற்கு விலக்கல்ல. கார், பிசானம் என்று நெல் விளையும் தாமிரபரணிக் கரையில் சோறுதான் சாப்பாடு, மற்றதெல்லாம் அதற்குத் தொட்டுக்கொள்ள.

நாளுக்கு 130 கிராமுக்குக் கீழே வந்தால் குறைந்த மாவுச்சத்து என்பார்கள். 20, 30 கிராமுக்கு இறங்குகிற கடும் முறையும் இருக்கிறது. புதியவர்கள் அதைத் தானாகத் தொடங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அது மருந்தோடு மோதும், வீட்டிலும் நீடிக்காது.

முதல் வாரம் குடிப்பதில் இருக்கும் சீனியை மட்டும் எடுங்கள். காபி, டீ, கலர், ஜூஸ் எல்லாம். இதில் மட்டும் பலருக்கு 40 கிராம் போய்விடும். கருப்பட்டிக் காபிக்கு மாறிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். உடன்குடிக் கருப்பட்டியின் மணம் எனக்கும் பிடிக்கும், ஆனால் அதில் பெரும்பகுதி சீனியில் இருக்கிற அதே சுக்ரோஸ்தான். பதநீரும் இனிப்பு நீர்தான்.

இரண்டாம் வாரம் ராத்திரி. அரிசி மாவுத் தோசை நாலு இரண்டாகட்டும், அல்லது பாசிப்பயறு அரைத்த தோசை இரண்டு. கூட முட்டையோ பன்னீரோ, ஒரு கிண்ணம் பொரியல். கோதுமை தோசை, சப்பாத்தி என்று மாறினால் மட்டும் பெரிய லாபம் இல்லை. அரிசி, கோதுமை, கேப்பை, தினை எல்லாவற்றிலும் எடைக்கு எடை மாவுச்சத்து கிட்டத்தட்டப் பக்கத்தில்தான். சிறுதானியத்தில் நார் கூடுதல், அதுவரைக்கும் நல்லது, அளவு அதேதான்.

மூன்றாம் வாரம் மதியம். இங்கே நம் வட்டாரச் சமையல் கைகொடுக்கும். வெஞ்சனத்தை (தொட்டுக்கொள்ளும் கறிகளை)ச் சோறாக்குங்கள், சோற்றை வெஞ்சனமாக்குங்கள். சின்ன கும்பாவில் 100 கிராம் சோறு. மீதித் தட்டில் அவியல், கீரை, புடலங்காய்க் கூட்டு, வாழைப்பூ, வெண்டைக்காய். மீன் சாப்பிடுகிறவர்களுக்கு நம் கடற்கரை பெரிய கொடை. உவரியிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் வரும் சாளையிலும் நெத்திலியிலும் மாவுச்சத்தே கிடையாது, விலையும் கட்டுப்படி. பொரிப்பதைவிடக் குழம்பு நல்லது. காயையும் மீனையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றைக் கடைசியில் எடுத்தால் அதே சோறு குறைவாக ஏற்றும். என் மீட்டரில் பலமுறை பார்த்தது இது.

சைவக்காரர்கள் சொதியை விட வேண்டியதில்லை. தேங்காய்ப்பாலும் பாசிப்பருப்பும் முருங்கைக்காயும் பீன்ஸும் சேர்ந்த நல்ல சாப்பாடு அது. உருளைக்கிழங்கை எடுத்துவிட்டு, இரண்டு கிண்ணம் சொதிக்கு ஒரு கைப்பிடிச் சோறு, தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல். கொழுப்பு கூடுதல் என்பதால் எடை குறைக்க வேண்டியவர்கள் தினமும் செய்ய வேண்டாம். உளுந்தஞ்சோறு பொங்கும்போது உளுந்தைக் கூட்டி அரிசியைக் குறைக்கலாம். எள்ளுத் துவையலோடு பசி தாங்கும். தைப்பொங்கலுக்கு வரும் சிறுகிழங்கு, பனங்கிழங்கு இரண்டும் மாவுதான். சாப்பிடுங்கள், அன்றைக்குச் சோற்றைக் கழித்துக்கொள்ளுங்கள். ஏத்தன் (நேந்திரம்) பழம், பரோட்டா இரண்டையும் நான் வீட்டில் வாங்கி வைப்பதில்லை. அல்வாவை வருஷத்தில் இரண்டு தடவை, சாப்பாட்டுக்குப் பின் ஒரு சின்னத் துண்டு என்று வைத்திருக்கிறேன்.

பசிக்கு நிலக்கடலை ஒரு கைப்பிடி, தயிர், வெள்ளரிக்காய், கொண்டைக்கடலைச் சுண்டல் அரைக் கிண்ணம். அப்பளமும் கருவாடும் ஊறுகாயும் மாவுச்சத்தில் சின்னவை, உப்பில் பெரியவை. பிரஷர் உள்ளவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாப்பிட்டு முடித்ததும் பத்துப் பதினைந்து நிமிஷம் நடங்கள். ஆவாரம்பூ, சிறுகுறிஞ்சான், பாகற்காய்ச் சாறு குடிப்பவர்கள் டாக்டரிடம் மறைக்காதீர்கள். அதை நம்பி மாத்திரையை நிறுத்தவும் செய்யாதீர்கள்.

தாழ்நிலை வந்தால்

மீட்டரில் 70-க்குக் கீழே, அல்லது வியர்வை, நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி, பேச்சுக் குழறல். உடனே மூன்று ஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிஷம் கழித்துப் பாருங்கள். ஏறவில்லை என்றால் மறுபடியும். ஏறியதும் கொஞ்சம் சோறோ இரண்டு இட்லியோ சாப்பிடுங்கள். வோக்லிபோஸ், அகார்போஸ் மாத்திரை போடுகிறவர்களுக்குச் சீனி சீக்கிரம் வேலை செய்யாது. அவர்கள் குளுக்கோஸ் பவுடர் வைத்திருக்க வேண்டும். மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையால் வந்த தாழ்நிலை சில மணி நேரம் கழித்துத் திரும்பவும் வரலாம், அதனால் சரியாகிவிட்டது என்று தூங்கப் போகாமல் டாக்டரிடம் காட்டுங்கள். சட்டைப்பையில் ஒரு பொட்டலம் சீனியும் மருந்துப் பெயர் எழுதிய காகிதமும் எப்போதும் இருக்கட்டும்.

வழக்கம் மாறும் நாள்கள்

கல்யாண வீட்டில் இலை முன்னால் உட்கார்ந்து "அத்தை கோவிச்சுக்கிடுவா" என்று பாயசத்தை வாங்காதீர்கள். கூட்டும் அவியலும் இரண்டு தடவை கேட்டு வாங்கினால் எந்த அத்தையும் கோபிப்பதில்லை. விரதம் அப்படியல்ல. கந்த சஷ்டிக்கு ஆறு நாள் இருப்பவர்களும், மேலப்பாளையத்தில் ரமலான் நோன்பு வைப்பவர்களும் சில வாரம் முன்னாலேயே டாக்டரைப் பார்த்து மாத்திரையின் நேரத்தையும் அளவையும் மாற்றி வாங்கிக்கொள்ள வேண்டும்.

திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெறுங்காலோடு போகாதீர்கள். உணர்ச்சி மங்கிய பாதத்துக்குத் தார் ரோட்டின் சூடும் தெரியாது, முள்ளும் தெரியாது. கொப்புளம் புண்ணாகிச் சீழ் பிடித்துக் காலையே எடுக்கும்படி ஆனவர்கள் இருக்கிறார்கள். மெத்தென்ற செருப்போடும் சாக்ஸோடும் நடந்தால் முருகன் ஏற்றுக்கொள்ள மாட்டானா? நீண்ட நடையில் சர்க்கரையும் இறங்கும், சீனிப் பொட்டலத்தை மறக்காதீர்கள். யாத்திரை இல்லாத நாளிலும் ராத்திரி படுக்கும் முன் இரண்டு பாதத்தையும் விரலிடுக்கையும் பாருங்கள். குனிய முடியாதவர்கள் கீழே ஒரு கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம்.

காய்ச்சல், வாந்தி, பேதி வந்தால் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் மருந்தையும் மெட்ஃபார்மினையும் நிறுத்தி வைக்க வேண்டியிருக்கும். இதை நோய் வந்த பிறகு கேட்காமல் இப்போதே கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். இன்சுலினை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

மூன்று மாதம் கழித்து

ஜோடி எண்கள் எழுதிய நோட்டு, எல்லா மாத்திரை அட்டைகள், எடை, பிரஷர், புதிய ஏ1சி. இவ்வளவையும் எடுத்துக்கொண்டு போங்கள். எடை கூடுதலாக இருந்தவர்களுக்கு எடை இறங்குவதில் பெரிய பலன் இருக்கிறது. 2017-ல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்றில், நோய் வந்து ஆறு வருஷத்துக்குள் இருந்தவர்களைக் கட்டுப்பாடான உணவில் வைத்து எடையைக் குறைத்தபோது, ஒரு வருஷ முடிவில் 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே சர்க்கரை நீரிழிவு அளவுக்குக் கீழே நின்றது. அது டாக்டர் கண்காணிப்பில் நடந்தது, எடை திரும்ப ஏறியவர்களுக்கு நோயும் திரும்பியது. ஆகவே எண் நன்றாக வந்தால் மாத்திரையை நீங்களே நிறுத்தாமல், எதை முதலில் எடுக்கலாம் என்று கேளுங்கள். தாழ்நிலைக்குத் தள்ளும் மாத்திரையைத்தான் பெரும்பாலும் முதலில் குறைப்பார்கள்.

என் சீட்டில் கிளிமிபிரைடு இரண்டிலிருந்து ஒன்றாகி, ஆறாவது மாதம் அடிக்கப்பட்டது. மெட்ஃபார்மின் காலையும் ராத்திரியும் இன்னும் இருக்கிறது.